இரு பதிவேடுகளுக்கு இடையே: ஜீவனஹள்ளி முதியோரும் பொதுச் சேவை உரிமையும் - ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

முதியோரையும் ஆதரவற்றோரையும் பேணுதல் தமிழ் மரபில் அறமாகப் போற்றப்பட்டது. அது குடும்பத்தின் கடமையாகவும் செல்வரின் கொடையாகவும் கோயிலின் பணியாகவும் விளங்கியது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றையும், அதன் மருத்துவர்க்கும் பணியாளர்க்கும் ஒதுக்கப்பட்ட நெல்லையும் காசையும் விரித்துரைப்பது ஆய்வாளர் நன்கறிந்த செய்தி. இம்மரபில் உதவி என்பது கொடுப்போரின் அறவுணர்வைச் சார்ந்தே அமைந்தது. பெறுவோர் அதனை உரிமையாகக் கேட்கும் நிலை 20ஆம் நூற்றாண்டில்தான் உருவாயிற்று. இந்திய அரசமைப்பின் 41ஆம் உறுப்பு, அரசு தன் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு முதுமைக்காலத்தில் பொது உதவி பெறும் உரிமைக்கு வழிசெய்ய வேண்டும் என்று கூறுகிறது.

முதியோர் என்ற ஒரே சொல்லுக்குள் பல வகையினர் அடங்குவர். மொழி, சமயம், தொழில், எழுத்தறிவு, பாலினம் ஆகியவற்றால் வேறுபட்ட இவர்கள் அனைவரையும் பொதுச் சேவை ஒப்ப நின்று சென்றடைகிறதா என்பது ஆராயத்தக்க வினா. பெங்களூரின் ஜீவனஹள்ளியையும் அதனைச் சூழ்ந்த பழைய தண்டுப் பகுதியையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை அணுகுகிறது. விடுதலைக்குப் பின் மொழிச் சிறுபான்மையினர்க்கென ஒரு பாதுகாப்பு முறையும் முதியோர்க்கென மற்றொரு பாதுகாப்பு முறையும் உருவாயின. இவ்விரண்டும் தனித்தனிப் பதிவேடுகளாகவே வளர்ந்தன. அவற்றிற்கு இடைப்பட்ட வெளியில் நிற்போரே பிறமொழி பேசும் ஏழை முதியோர் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஊர்ப்பெயரும் குடியமர்வும்

ஜீவனஹள்ளி பெங்களூரின் கிழக்குப் பகுதியில் காக்ஸ் டவுனை ஒட்டி அமைந்த குடியிருப்பு. தமிழில் ஊர்ப்பெயர் ஈறாக வழங்கும் ‘பள்ளி’ என்பதே கன்னடத்தில் மொழிமுதல் பகரம் ஹகரமாகத் திரிந்து ‘ஹள்ளி’ என வழங்குகிறது. ஆகவே இவ்வூரின் பெயரே இரு மொழிகளின் உறவை நினைவூட்டுகிறது. அவ்வாறே படைமுகாமைக் குறிக்கும் ‘தண்டு’ என்ற சொல்லும் இருமொழிக்கும் பொதுவானது. சிவாஜிநகரில் உள்ள தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரில் அச்சொல் இன்றும் நிலைத்திருக்கிறது.

ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த தம் படையைப் பெங்களூருக்கு மாற்றி 1809ஆம் ஆண்டில் இத்தண்டை அமைத்தனர். படையைத் தொடர்ந்து வணிகரும் கட்டடத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் வந்தனர். இவர்களுள் வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழர் பெருந்தொகையினர். 1881இல் மைசூர் அரசு உடையார் மரபிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டபோது, இப்பகுதி மட்டும் ‘சிவில் மற்றும் ராணுவ நிலையம்’ என்ற பெயரில் ஆங்கிலேயர் ஆளுகையில் தனித்து நின்றது. 1891இல் இதன் மக்கள்தொகை 1,00,081, 1901இல் 89,599. இடையில் 1898இல் பரவிய கொள்ளை நோய் இவ்வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணமாயிற்று. நோய்க்குப் பின் நெருக்கம் குறைந்த புதிய குடியிருப்புகள் திட்டமிடப்பட்டன. இன்று புலிகேசி நகர் எனப்படும் பிரேசர் டவுன் 1906இல் உருவானது இவ்வகையிலேயாம். இவ்வாறு விரிந்த நகரம் ‘ஹள்ளி’ என முடியும் சிற்றூர்கள் பலவற்றைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. ஜீவனஹள்ளியும் அவற்றுள் ஒன்று.

இவ்வரலாற்றின் விளைவாகத் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகிய மொழிகளைப் பேசும் குடும்பங்கள் இப்பகுதியில் அடுத்தடுத்து வாழ்கின்றன. 1940இல் தோன்றிய விமானத் தொழிற்சாலை, 1948இல் தோன்றிய தொலைபேசித் தொழிற்சாலை, 1954இல் தோன்றிய மின்னணுவியல் தொழிற்சாலை ஆகியவை பெங்களூர்த் தமிழருள் ஒரு பகுதியினர்க்கு நிலையான பணியைத் தந்தன. கட்டட வேலை, வீட்டு வேலை, துப்புரவுப் பணி ஆகியவற்றில் வாழ்நாளைக் கழித்தோர் மற்றொரு பகுதியினர். முன்னவர்க்கு முதுமை பணி ஓய்வாகவும் பின்னவர்க்கு வருவாய் நின்றுபோன காலமாகவும் அமைந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் முதியோர் ஆதரவு

தண்டுப் பகுதியில் முதியோர்க்குக் கிடைத்த ஆதரவு தொடக்கம் முதலே வகைப்படுத்தப்பட்டதாக இருந்தது. படைவீரர்க்கு ஓய்வூதியம் இருந்தது. படையைத் தொடர்ந்து வந்த சமையற்காரர், சலவைத் தொழிலாளர், குதிரைக்குப் புல் சேர்ப்போர் முதலியோருள் பெரும்பாலோர்க்கு அது இல்லை. இருவரும் ஒரே முகாமில் முதுமை எய்தியவரே எனினும் ஒருவர் பெயர் படைப்பட்டியலில் இருந்தது. மற்றவர் பெயர் இல்லை. வறிய ஐரோப்பியர்க்கும் யூரேசியர்க்கும் ‘பிரண்ட் இன் நீட்’ சங்கம் துணைநின்றது. ‘லிட்டில் சிஸ்டர்ஸ் ஆப் தி புவர்’ என்னும் கத்தோலிக்கத் துறவியர் சபையினர் 1900ஆம் ஆண்டில் பெங்களூரில் முதியோர் இல்லம் ஒன்றைத் தொடங்கினர். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் போன்ற தமிழ்ச் செல்வர்கள் கல்விக்கும் பிற அறங்களுக்கும் பொருள் வழங்கினர். அவர் 1873இல் தொடங்கிய பள்ளி இன்றளவும் நிலைபெற்றுள்ளது.

இவ்வறச்செயல்கள் பலருக்கு உதவின. ஆயினும் அவை நகரின் எல்லா வறிய முதியோரையும் எட்டுமளவு விரிந்தவையல்ல. எட்டாதோர் முறையிட இடமும் இல்லை. அதே வேளையில் அக்கால உதவியில் ஓர் எளிமை இருந்ததையும் மறுத்தல் இயலாது. கொடுப்பவரும் பெறுபவரும் நேரில் கண்டு பேசினர். முதியவர் தம் அகவையை ஆவணத்தால் மெய்ப்பிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழவில்லை. அறம் உரிமையாக வளர்ந்தபோது முறையிடும் வாய்ப்பு கிடைத்தது. அதனுடன் எழுத்தும் சான்றும் இன்றியமையாதன ஆயின.

முதற் பதிவேடு: மொழி

1947 ஜூலை 26ஆம் நாள் சிவில் மற்றும் ராணுவ நிலையம் மைசூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. 1949இல் நகரமும் தண்டும் இணைந்து ஒரே மாநகராட்சி ஆயிற்று. நிருவாக நோக்கில் இது இயல்பான வளர்ச்சியே. ஆனால் மொழிச் சிறுபான்மையினர் பாதுகாப்பு வரலாற்றோடு இவ்விணைப்பைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு முக்கியமான உண்மை புலனாகிறது.

மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்ட 1956ஆம் ஆண்டில் இந்திய அரசு சிறுபான்மையினர் பாதுகாப்புக் குறிப்பாணையை வெளியிட்டது. ஒரு மாவட்டத்திலோ நகராட்சியிலோ வட்டத்திலோ 15 முதல் 20 விழுக்காட்டினர் பேசும் சிறுபான்மை மொழியில் முக்கிய அரசு அறிவிப்புகளையும் விதிகளையும் வெளியிடலாம் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. 1961இல் கூடிய முதலமைச்சர்கள் மாநாடு இவ்வளவை 15 விழுக்காடு என உறுதிசெய்தது. எந்த மனுவையும் மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் அளிக்கும் உரிமையை அரசமைப்பின் 350ஆம் உறுப்பு முன்னரே வழங்கியிருந்தது.

இவ்விதிகளின்படி விழுக்காட்டைக் கணக்கிடும் அலகு நகராட்சி, வட்டம், மாவட்டம் ஆகியவையே. தமிழர் செறிந்து வாழ்ந்த தண்டுப் பகுதி 1949 வரை தனியொரு நகராட்சி அலகாக இருந்தது. பாதுகாப்பு விதி 1956இல் வந்தபோது அந்த அலகே மறைந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் பெங்களூர் விரியுந்தோறும் விழுக்காட்டின் பொருள் மாறிக்கொண்டே வந்தது. 2007இல் ஏழு நகரமன்றங்களும் ஒரு பேரூர்மன்றமும் நூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்களும் சேர்க்கப்பட்டுப் பெருநகர மாநகராட்சி உருவாயிற்று. 2025இல் அது ஐந்து மாநகராட்சிகளாகப் பகுக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெங்களூர் நகர மாவட்டத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். விதி கேட்கும் அளவின் விளிம்பிலேயே இவ்வெண் நிற்கிறது. அடுத்த கணக்கெடுப்பு 2027இல் நிறைவுறும்போது ஐந்து மாநகராட்சிகளுள் ஒன்றில் இது கூடலாம், மற்றொன்றில் குறையலாம். ஜீவனஹள்ளித் தெருவில் வாழும் மூதாட்டி இடம்பெயரவில்லை. அவரைச் சூழ்ந்த எல்லைக்கோடே பலமுறை இடம்பெயர்ந்தது.

விழுக்காட்டு விதியை வற்புறுத்திக் கேட்கும் குரலும் வலுவாக எழவில்லை. இதற்கு அரசியற் சூழல் ஒரு காரணம் எனக் கருதலாம். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையையொட்டி 1991 டிசம்பரில் நிகழ்ந்த வன்முறையில் பெங்களூர்த் தமிழர் பலர் வீடும் கடையும் இழந்தனர். அவ்வாண்டில் அல்சூரில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதே மாதத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. இரு மாநில உறவில் இந்நிகழ்வு போற்றத்தக்கது. எனினும் நெடுங்காலம் மொழி பற்றிய பேச்சு முழுவதும் சிலையையும் ஆற்றுநீரையும் சுற்றியே அமைந்தமையால், அலுவலகச் சாளரத்தில் நிற்கும் முதியவரின் தேவை அப்பேச்சில் இடம்பெறவில்லை.

இரண்டாம் பதிவேடு: முதுமை

முதியோர் ஓய்வூதியத்தை 1957இல் உத்தரப் பிரதேசம் தொடங்கிவைத்தது. தமிழகத்தில் அது 1962இல் நடைமுறைக்கு வந்தது. 1995 ஆகஸ்டு 15 முதல் நடுவண் அரசின் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் 65 அகவை நிறைந்த ஆதரவற்றோர்க்கு மாதம் 75 ரூபாய் வழங்கியது. 2007இல் அத்திட்டம் இந்திரா காந்தி பெயரில் விரிவாக்கப்பட்டது. 2011இல் அகவை வரம்பு 60ஆகக் குறைக்கப்பட்டது. கருநாடக அரசு 2007இல் சந்தியா சுரக்ஷா திட்டத்தைத் தொடங்கியது. சிறு விவசாயி, வேளாண் தொழிலாளர், நெசவாளர், மீனவர், அமைப்புசாராத் தொழிலாளர் ஆகியோருள் 65 அகவை கடந்த வறியவர்க்குத் தொடக்கத்தில் மாதம் 400 ரூபாய் வழங்கப்பட்டது.

அதே 2007ஆம் ஆண்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் நிறைவேறியது. மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க முதியோர் இல்லம், அரசு மருத்துவமனைகளில் முதியோர்க்குப் படுக்கையும் தனி வரிசையும், சட்டத்தைப் பற்றி ஊடகங்கள்வழி பரவலான விளம்பரம் ஆகியவற்றை அது கூறுகிறது. விளம்பரம் எம்மொழியில் அமைய வேண்டும், தனி வரிசையின் முடிவில் இருக்கும் அலுவலர் முதியவரின் மொழியை அறிந்திருக்க வேண்டுமா என்பன பற்றி அச்சட்டத்தில் விதியில்லை. 1956ஆம் ஆண்டுக் குறிப்பாணையில் முதியோரைப் பற்றிய விதி இல்லை. முதற் பதிவேட்டில் அகவை இடம்பெறவில்லை; இரண்டாம் பதிவேட்டில் மொழி இடம்பெறவில்லை.

பதிவேடுகளுக்கு இடையே நிற்போர்

இவ்விடைவெளியின் விளைவுகளை மூன்று நிலைகளில் காணலாம். முதலாவது, அகவைச் சான்று. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. இன்று 60 அகவை கடந்த அனைவரும் அதற்கு முன் பிறந்தவர். பள்ளி சென்றவர்க்குப் பள்ளிச் சான்றும், கிறித்தவர்க்குத் திருமுழுக்குப் பதிவும், தொழிற்சாலைப் பணியாளர்க்குப் பணிப்பதிவேடும் உண்டு. பள்ளி செல்லாது வீட்டு வேலை செய்து வாழ்ந்த பெண்ணுக்கு இம்மூன்றும் இல்லை. அவர் தம் பிறப்பைப் பெருமழையோடோ பஞ்சத்தோடோ உறவினர் திருமணத்தோடோ சேர்த்தே நினைவில் வைத்திருப்பார். ஆவணம் கேட்கும் விதி அனைவர்க்கும் பொதுவானதே. ஆவணம் கிடைக்கும் வாய்ப்பு மட்டும் பொதுவாக அமையவில்லை.

இரண்டாவது, எழுத்து. பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழ் முதியோர் கன்னடம் பேச இயலாதவர் என எண்ணுதல் பொருந்தாது. அவருள் பலர் சந்தையிலும் வேலையிடத்திலும் கன்னடம், தெலுங்கு, தக்கண உருது ஆகியவற்றைத் தடையின்றிப் பேசுவர். அவர்க்குத் தடையாவது கன்னட எழுத்து. அவருள் சிலர் தமிழ் எழுத்தறிந்தவர். பலர் எவ்வெழுத்தும் அறியாதவர். எனவே தமிழில் மனு அளிக்கும் உரிமை முதல் சாராருக்குப் பயன்படலாம்; இரண்டாம் சாராருக்கு அதனாலும் பயன் இல்லை. பழைய கச்சேரிகளின் வாயிலில் இருந்து மனு எழுதியவர் செய்த பணி இன்று இடைத்தரகரிடம் சென்று சேர்ந்திருப்பதற்கு இதுவே காரணம். எழுத்தறியாத கன்னட முதியவரும் இதே வாயிலில் இதே கட்டணத்தைக் கொடுத்தே நிற்கிறார் என்பது கருதத்தக்கது.

ஓய்வூதியம் அஞ்சல் பணவிடையாக வந்த காலத்தில் தெருவறிந்த அஞ்சற்காரர் அதனை வீட்டு வாயிலில் கொடுத்தார். அது வங்கிக்கு மாறியபின் கைரேகையும் கைப்பேசியும் தேவைப்படுகின்றன. பல்லாண்டுகள் பாத்திரம் துலக்கியும் சுண்ணாம்பு குழைத்தும் தேய்ந்த விரல்களில் ரேகை தெளிவாகப் பதிவதில்லை. ஆதார் வழக்கில் 2018இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அடையாளம் உறுதிப்படாமை காரணமாக உரியவர்க்கு நலத்திட்டம் மறுக்கப்படலாகாது என்று கூறியது. அத்தீர்ப்பைச் சாளரத்தில் எடுத்துக்கூறவும் ஒருவர் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, வகைப்பாடு. கருநாடக அரசின் மனஸ்வினி திட்டம் 40 முதல் 64 அகவை வரையுள்ள மணமாகாத, மணமுறிவுற்ற பெண்களுக்கு உரியது. மைத்ரி திட்டம் 25 முதல் 64 அகவை வரையுள்ள திருநங்கையர்க்கு உரியது. தனித்து வாழும் பெண்ணின் நிலையையும் திருநங்கையின் நிலையையும் அரசு தனியே அறிந்து ஏற்றது பாராட்டத்தக்கது. ஆனால் 65ஆம் அகவையில் இவ்வேறுபாடுகள் பதிவேட்டிலிருந்து நீங்குகின்றன. அனைவரும் முதியோர் என்ற ஒரே நிரலில் எழுதப்படுகின்றனர். தனிமையும் புறக்கணிப்பும் அகவை கூடுவதால் குறைவதில்லை, பெரும்பாலும் மிகுகின்றன. 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டம் கருநாடக முகவரிச் சான்றுடைய பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் அளிக்கிறது. கணவனை இழந்தபின் மகன் வீட்டில் வாழ வேலூரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வந்த தாய், முகவரி மாற்றும் வரை அப்பயனைப் பெற இயலாது.

இவற்றிற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் பெங்களூரிலேயே உண்டு. நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளையும் நகரக் காவல்துறையும் இணைந்து 2002இல் தொடங்கிய 1090 என்னும் முதியோர் உதவித் தொலைபேசி, குறையைச் சொல்ல எழுத்தைக் கேட்கவில்லை, குரலே போதுமானதாயிற்று. வாய்மொழிவழிச் சேவை இயலக்கூடியதே என்பதற்கு இது சான்றாகும்.

சிங்கப்பூரும் ஓசூரும்

மொழிக்கொள்கையில் உறுதியான அரசும் முதியோர் பொருட்டு நெகிழ்வு காட்டலாம் என்பதற்குச் சிங்கப்பூர் எடுத்துக்காட்டாகும். 1979 முதல் மாண்டரின் மொழியை வளர்க்கும் இயக்கம் நடத்தி, பிற சீனக் கிளைமொழிகளை ஒலிபரப்பிலிருந்து விலக்கிவந்த அவ்வரசு, 2014இல் முன்னோடித் தலைமுறைக்கான மருத்துவச் சலுகைகளை அறிவித்தபோது அக்கிளைமொழிகளிலேயே முதியோர்க்கு விளக்கம் அளித்தது. தொண்டர்கள் வீடுதோறும் சென்று அவரவர் மொழியில் பேசினர். இதனால் அந்நாட்டின் மொழிக்கொள்கை தளரவில்லை. முதுமையில் புதுமொழி கற்பது பெரும்பாலோர்க்கு அரிது என்ற உண்மைக்கு நிருவாகம் இடமளித்தது, அவ்வளவே.

இவ்வினா கருநாடகத்திற்கு மட்டும் உரியதன்று. ஓசூரிலும் தாளவாடியிலும் வாழும் கன்னட, தெலுங்கு முதியோர் தமிழ்ப் படிவத்தின் முன் இதே நிலையில்தான் நிற்கின்றனர். பெங்களூர்த் தமிழ் முதியோர்க்கு நாம் கேட்பது எதுவோ, அதனை அவர்க்கும் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகளை எய்தலாம். தண்டுப் பகுதி தன் தனி நகராட்சி நிலையை 1949இல் இழந்தமையால் 1956, 1961ஆம் ஆண்டுகளின் மொழிப் பாதுகாப்பு அங்கு வாழ்வோரை உரியவாறு சென்றடைய வாய்ப்பில்லாது போயிற்று. முதியோர் திட்டங்கள் அகவையையும் வறுமையையும் அளந்தனவேயன்றி, முதியோர்க்குள் உள்ள வேற்றுமையை அளக்கவில்லை. கன்னடம் மாநிலத்தின் ஆட்சிமொழியாகத் திகழ்வது முறையே. இக்கட்டுரை அதனை மறுக்கவில்லை. ஆட்சிமொழியின் நிலையைக் குறைக்காமலே, வார்டு அளவில் முதியோரின் மொழியையும் எழுத்தறிவையும் கணக்கெடுத்தல், படிவத்தை வாய்மொழியாகக் கேட்டு நிரப்பும் அலுவலர் ஒருவரை அமர்த்துதல், ஆவணம் இல்லாதோர்க்கு மருத்துவர்வழி அகவைச் சான்று எளிதிற் கிடைக்கச் செய்தல் ஆகியவற்றை மேற்கொள்ள இயலும். இவற்றால் பயனடைவோருள் எழுத்தறியாத கன்னட முதியோரும் அடங்குவர்.

தமிழ்த்துறையினர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. அயலகத் தமிழர் பற்றிய நம் ஆய்வுகள் சங்கங்கள், இதழ்கள், படைப்பாளர் ஆகியவற்றையே பெரிதும் தொகுத்துள்ளன. நியாயவிலைக் கடையிலும் ஓய்வூதியச் சாளரத்திலும் தமிழ் எவ்வாறு வழங்குகிறது, எங்கே வழங்காது நின்றுபோகிறது என்பதும் மொழி வரலாற்றின் ஒரு பகுதியே. அதனைச் சொல்லக்கூடிய தலைமுறை ஜீவனஹள்ளி போன்ற இடங்களில் முதுமையின் இறுதிக் கட்டத்தில் உள்ளது. அவர்தம் வாய்மொழிச் சான்றுகளைத் தொகுக்கும் கள ஆய்வு காலந்தாழ்த்தாது மேற்கொள்ளப்பட வேண்டும்.